சனிக்கிழமைக் கூலிக்குத் தவிக்காமல் கட்டுமான நிறுவனம் நடத்துவது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கிற ஒரு கான்டிராக்டருக்கு போன் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எடுக்க மாட்டார். கையில் ஆறு வேலை ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்குக் கொத்தனாருக்கும் கையாளுக்கும் கொடுக்க வேண்டிய கூலி மட்டும் இருக்காது. திங்கள்சந்தை வீட்டுக்கு வாங்கிய அட்வான்ஸ் குலசேகரத்து வீட்டின் கான்கிரீட் கூரை வார்ப்புக்குப் போயிருக்கும். குலசேகரத்துப் பாக்கி வந்தால் அது நாகர்கோவில் கம்பிக் கடைக்குப் போகும். நானும் பல வருடம் இப்படி ஓடியவன்தான். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி, இன்னொரு வேலையைப் பிடித்து அட்வான்ஸ் வாங்குவது.

வேலை தெரியாமல் இந்த ஊரில் யாரும் நஷ்டப்படுவதில்லை. நம் கொத்தனார்களைத் திருவனந்தபுரத்துக்காரர்கள் தேடி வந்து கூட்டிப் போகிறார்கள். சறுக்குவது வேறு இடத்தில். யாருக்கு வேலை செய்கிறோம், அவருக்கு உண்மையில் எதை விற்கிறோம், பணம் எந்தக் கணக்கில் எப்போது வருகிறது, எதை நாமே செய்கிறோம், எதை வெளியே விடுகிறோம். இந்த நாலும் சேர்ந்ததைத்தான் பிசினஸ் மாடல் என்கிறார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதை யோசித்து அமைத்ததில்லை. முதலாளி செய்ததைப் பார்த்து, "சதுர அடிக்கு இவ்வளவு" என்று நாமும் ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. 2017-ல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய இருபது ஆண்டுகளில் உலகக் கட்டுமானத் துறையின் தொழிலாளர் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 1 சதவீதம்தான் கூடியிருக்கிறது. மொத்தப் பொருளாதாரத்தில் அது 2.8 சதவீதம். மிக்ஸர் வந்தது, பம்ப் வந்தது, லேசர் லெவல் வந்தது. தொழிலை நடத்தும் விதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

கீழே உள்ள படிகள் வருடத்துக்கு ஐந்து முதல் பதினைந்து வீடு கட்டும் நிறுவனங்களுக்கானவை. அரசு டெண்டர் மட்டும் எடுப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

படி 1: முடிந்த ஐந்து வேலைகளின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

புது யோசனை எதுவும் இப்போது வேண்டாம். சாவி கொடுத்து முடித்த கடைசி ஐந்து வீடுகளை எடுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். பேசிய தொகை, வந்த தொகை, கடைசிப் பணம் வந்த தேதி, பொருள் செலவு, கூலி, திரும்பச் செய்த வேலைகளின் செலவு, மொத்த நாட்கள்.

என் நோட்டில் இருந்த ஒரு பக்கத்தை முழுத் தொகையாக்கிச் சொல்கிறேன். 1,600 சதுர அடி வீடு, சதுர அடி 2,400 ரூபாய். பேசியது 38,40,000. உத்தேசச் செலவு 33,80,000. மிஞ்ச வேண்டியது 4,60,000. என் மனக்கணக்கில் ரொம்ப நாள் இதை 12 சதவீத லாபம் தந்த வேலையாகத்தான் வைத்திருந்தேன்.

எழுதிப் பார்த்தபோது கதை வேறு. ரோடு உயர்ந்துவிட்டது என்று பேஸ்மென்டை இரண்டடி ஏற்றினோம். கூடுதல் 70,000, நான் கேட்கவே இல்லை. மழையில் ஐந்து வாரம் வேலை நின்றது. வார்ப்புக்கு அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் தகட்டு வாடகையும் சூப்பர்வைசர் சம்பளமும் 60,000. பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்து மாற்றியதில் 45,000. கடைசியாக நின்ற ஒன்றரை லட்சத்தில் 40,000 வரவே இல்லை. மொத்தம் 2,15,000 போனது, மிஞ்சியது 2,45,000. வேலை ஓடியது பதினோரு மாதம். மாதத்துக்கு 22,000 சொச்சம். ஒரு நல்ல கொத்தனார் மாதம் முழுக்க வேலைக்குப் போனால் இதற்குக் குறையாமல் வாங்குவார். தினமும் மூன்று சைட்டுக்குப் பைக்கில் அலைந்தவன் நான், பெட்ரோல் இந்தக் கணக்கில் இல்லை.

ஐந்து பக்கத்தையும் எழுதியதும் நாலு எண்களைத் தனியே எடுத்து வையுங்கள். எல்லாம் போக மிஞ்சிய லாபம். முடிப்பதாகப் பேசிய நாளுக்கும் உண்மையில் முடித்த நாளுக்கும் உள்ள வித்தியாசம். திரும்பச் செய்த வேலையின் செலவு. வேலை நடக்கும்போது அதிகபட்சம் உங்கள் கைப்பணம் எவ்வளவு உள்ளே மாட்டியிருந்தது என்பது. நிறுவனத்தின் செயல்திறன் என்று நான் சொல்வது இந்த நாலைத்தான். வருடத்தில் எத்தனை கோடிக்கு வேலை எடுத்தோம் என்பது கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள உதவும்.

படி 2: யாருக்குக் கட்டுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"வர்ற வேலையை எல்லாம் எடுப்போம்" என்பதும் ஒரு முடிவுதான். ஆனால் நம் மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை.

வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். சைட்டில் அவருடைய அப்பாவோ மனைவியோ மச்சானோ நிற்பார்கள். முடிவெடுப்பவர் தம்மாமில் இருப்பார். இங்கே ஜன்னல் இடம் மாறினால் அங்கே அவருக்குத் தூக்கம் போகும். இவருக்குப் பயம் விலையைப் பற்றியது இல்லை, ஏமாந்துவிடுவோமோ என்பதுதான். அப்படியானால் அவருக்கு நாம் விற்க வேண்டிய முதல் சரக்கு நம்பிக்கை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று காலை பத்து நிமிட வீடியோ, அந்த வாரத்து பில்களின் போட்டோ, அடுத்த வாரம் நடக்கப் போகும் வேலை, அவர் முடிவு சொல்ல வேண்டிய விஷயங்கள். இந்த நாலும் தவறாமல் போனால் சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்கும் ஆளிடம் அவர் போக மாட்டார். எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் மிக லேசாகச் செய்யக்கூடிய புதுமை இதுதான். இதற்கு ஒரு போனும் ஒழுங்கும் போதும். ஒழுங்குதான் கஷ்டம்.

வங்கிக் கடனில் கட்டும் ஆசிரியருக்கும் அரசு ஊழியருக்கும் தேவை வேறு. வங்கி, வீடு கட்டுபவர் தன் பங்கைப் போட்ட பிறகுதான் கட்டம் கட்டமாகப் பணம் விடும். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் கட்டப் பட்டியலும் வங்கியின் கட்டப் பட்டியலும் ஒன்றாக இல்லாவிட்டால் நடுவில் உங்கள் பணம் மாட்டும். வேலை பேசும் நாளிலேயே வங்கி ஒப்புதல் கடிதத்தை வாங்கிப் பார்த்து, அதற்கேற்பக் கட்டங்களை அமையுங்கள்.

கடற்கரை தனி உலகம். குளச்சல் தொடங்கி நீரோடி வரை உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து சன்ஷேட் உதிர்வதைப் பார்க்காதவர்கள் இல்லை. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 456 கடலோரச் சூழலில் திறந்து நிற்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்கிறது. குறைந்தது எம் 30 தர கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல், அதாவது கவர், வேண்டும். இதை எழுதிக் கொடுத்து, கம்பி கட்டியதும் கவர் பிளாக்கோடு போட்டோ எடுத்துக் காட்டும் நிறுவனம் அந்த ஊர்களில் தனியாகத் தெரியும். கரையோரத்துக்கென்றே தனி விலைப்பட்டியல் வையுங்கள். உள்நாட்டு விலையில் கரையில் கட்டினால் ஒன்று உங்களுக்கு நஷ்டம், அல்லது வீட்டுக்கு.

இவர்களில் ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் வந்தால் மறுக்க வேண்டியதில்லை, தேடிப் போக வேண்டாம்.

படி 3: விற்கும் பொருளை மாற்றுங்கள்

சதுர அடி ரேட்டில் என்ன நடக்கிறது? கையெழுத்து போடும் நாள் வரை வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே பக்கம். மறுநாள் முதல் எதிரெதிர்ப் பக்கம். நீங்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு சாக்கு சிமென்டும் அவர் கண்ணுக்குத் திருட்டு. அவர் கேட்கும் ஒவ்வொரு அலமாரியும் உங்கள் பைக்குள் கைவிடுவது. "இது ரேட்டுக்குள்ள வரும்லா?" என்ற கேள்வியில்தான் பாதி உறவு கெடுகிறது.

இதற்கு மாற்றாக நான் செய்து பார்த்தது திறந்த கணக்கு, நிலையான கட்டணம். உத்தேசச் செலவு 34 லட்சம் என்று பொருள்வாரியாகப் போட்டு இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறோம். என் கட்டணம் 4 லட்சம். சதவீதம் கிடையாது. சதவீதம் என்றால் செலவு ஏற ஏற என் வருமானமும் ஏறும், அது யாருக்கும் நல்லதில்லை. கடைசியில் செலவு 33 லட்சத்தில் நின்றால் மிச்சமான ஒரு லட்சத்தில் பாதி எனக்கு, ஆக 4,50,000. என் தவறால் 35 லட்சம் ஆனால் கூடிய லட்சத்தில் பாதி என் கட்டணத்தில் கழியும், ஆக 3,50,000. வீட்டுக்காரர் கேட்டு மாற்றிய வேலைக்கு உத்தேசத் தொகையையே அன்றைய தேதியில் திருத்தி இருவரும் கையெழுத்து போட வேண்டும்.

விலை ஏற்ற இறக்கத்தில்தான் இந்த முறையின் அருமை தெரியும். 2025 ஏப்ரலில் கனிம நில வரி நடைமுறைக்கு வந்தபோது ஜல்லி, எம்-சாண்ட் விலை ஏறியது. சதுர அடிக்குப் பேசியவர்கள் கையைப் பிசைந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. இப்போது வீட்டுக்காரர்கள், "விலை குறைஞ்சுதே, எனக்கு எங்கே?" என்றார்கள். திறந்த கணக்கில் இரண்டுக்கும் சண்டை இல்லை, பில் சொல்வதுதான் கணக்கு. சதுர அடி முறையையே தொடர்கிறீர்கள் என்றால், சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் மூன்றுக்கும் பேசிய நாளின் விலையை ஒப்பந்தத்தில் எழுதி, 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசத்தைக் கணக்கில் சேர்ப்போம் என்று ஒரு வரி சேருங்கள்.

கணக்கைத் திறப்பது லேசில்லை. என் முதல் திறந்த கணக்கு வேலையில் வீட்டுக்காரர் குவைத்தில். அவருடைய அப்பா தினமும் காலையில் வந்து சிமென்ட் சாக்கை எண்ணுவார். சாயங்காலம் மறுபடி எண்ணுவார். "மக்களே, மூணு சாக்கு கணக்குல இடிக்குதே" என்பார். ஒரு நாள் உண்மையாகவே இடித்தது. பக்கத்து சைட்டுக்கு என் ஆட்களே எடுத்துப் போயிருந்தார்கள், எழுதவில்லை. எனக்குத் தலை குனிவுதான். ஆனால் சதுர அடி முறையில் அந்த மூன்று சாக்கும் எனக்கே தெரிந்திருக்காது. அன்று முதல் சைட்டில் ஸ்டாக் நோட்டு வந்தது. வந்த சாக்கு, போன சாக்கு, எந்த வேலைக்கு, யார் கையெழுத்து.

வரி விஷயத்தை முன்னாலேயே பாருங்கள். குடியிருப்பு வளாகத்தில் சேராத தனி வீட்டைப் புதிதாகக் கட்ட வெறும் கூலி ஒப்பந்தம் எடுத்தால் அந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளோடு சேர்த்து எடுத்தால் 18 சதவீதம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரரே தன் பெயரில் பொருளை வாங்கி, நீங்கள் கூலியும் மேற்பார்வையும் மட்டும் கொடுக்கும்படி அமைத்தால் கணக்கே மாறும். மேற்பார்வைக் கட்டணத்துக்கு எப்படி பில் போடுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், டீக்கடை ஆலோசனை வேண்டாம்.

சாவி கொடுத்த பிறகும் விற்க ஒன்று உண்டு. நம் மாவட்டத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பாருங்கள். லீவுக்கு ஒரு மாதம் திறக்கும், பதினோரு மாதம் பூட்டு. உள்ளே ஓதம், மோட்டார் இறுகல், கதவில் கரையான், மாடியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கல். வருடச் சந்தாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து வீடியோ அனுப்பி, லீவுக்கு வரும் முன் தொட்டி கழுவி வைக்கிற சேவையைக் கட்டிய நிறுவனமே கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? தொகை சின்னதுதான். ஆனால் நாற்பது வீடு சேர்ந்தால் சூப்பர்வைசர் சம்பளம் அதிலேயே வந்துவிடும். அடுத்த வீட்டுக்கான பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

படி 4: பணம் வரும் வரிசையைத் திருப்புங்கள்

2018 ஜனவரி 15 அன்று பிரிட்டனின் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான கரில்லியன் கலைப்புக்குப் போனது. மருத்துவமனை, ரயில்பாதை என்று கையில் வேலை நிறைய இருந்தது. துணை ஒப்பந்ததாரர்களுக்குப் பணத்தை இழுத்தடித்து, புது ஒப்பந்தங்களால் பழைய ஓட்டையை அடைத்து ஓட்டியதும் அது விழுந்த காரணங்களில் ஒன்று. நம் சனிக்கிழமைக் கதைதான், சைபர்தான் கூடுதல்.

முதல் மருந்து, வேலைக்கு ஒரு வங்கிக் கணக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலோ திட்டம் போட்டால், வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கு மட்டும் செலவழிக்க வேண்டும். தனி வீடு கட்டும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாமே போட்டுக்கொண்டால் என்ன? ஐந்து வேலைக்கு ஐந்து கணக்கு திறக்கச் சிரமமாக இருந்தால் ஒரே கணக்கில் ஐந்து பக்கமாவது எழுதுங்கள். ஒரு வீட்டுப் பணம் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. அவசரத்துக்குப் போனால் கடனாக எழுதித் தேதி போடுங்கள்.

இரண்டாவது, கட்டம் முடிந்த பிறகு வாங்குவதை விட்டு, தொடங்கும் முன் வாங்குவது. சதுர அடி வேலைகளுக்கு என் பட்டியல் இது. ஒப்பந்தத்தின்போது 10 சதவீதம், அஸ்திவாரத்துக்கு முன் 15, சுவர் தொடங்கும் முன் 20, வார்ப்புக்குக் கம்பி இறங்கும் முன் 25, பூச்சுக்கு முன் 15, டைல்ஸும் பெயின்டும் தொடங்கும் முன் 12, சாவியின்போது 3. முன்பு கடைசித் தவணை 10 சதவீதமாக இருந்தது, அதுவும் பால்காய்ச்சுக்குப் பிறகு. பால்காய்ச்சு முடிந்த வீட்டில் பணம் கேட்பதைப் போலச் சங்கடம் வேறில்லை. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் நாம். வீட்டுக்காரர் மேல் குறை சொல்வதற்கில்லை, அந்த வாரம் அவர் கையில் நிஜமாகவே பணம் இருக்காது.

"வேலை நடக்கும் முன்னே இவ்வளவு கொடுக்கணுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வாய்ப்பேச்சில் இல்லை. அவர் கணக்குப் பக்கத்தை மாதம் ஒருமுறை அவருக்கே அனுப்புங்கள்.

படி 5: மழையை வைத்து வேலை பிடியுங்கள்

நமக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும். நடுவில் கிடைக்கும் தெளிந்த காலம் தை முதல் வைகாசி வரை. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது திறந்து கிடந்த சைட்டுகளில் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனாலும் ஆடியில் அட்வான்ஸ் வருகிறதே என்று அஸ்திவாரம் தோண்டுகிறோம். தோண்டிய குழியில் தண்ணீர் இறைக்க ஒரு பம்ப், அதற்கு ஒரு ஆள்.

நான் இப்போது செய்வது, தையில் தொடங்க இத்தனை வீடு என்று இடம் ஒதுக்குவது. என் ஆள்பலத்துக்கு நாலு. புரட்டாசிக்குள் பேசி, முன்பதிவுத் தொகை கட்டியவர்களுக்கு அந்த நாலு இடம். அனுமதி, வரைபடம், கம்பிக் கணக்கு, டைல்ஸ் தேர்வு எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் உட்கார்ந்து முடிப்போம். தையில் கல் போட்டால் வைகாசிக்குள் வார்ப்பு முடியும். ஜூன் மழையில் உள்பூச்சு, வயரிங், ஆசாரி வேலை. மழைக்காலத்தில் கூரை ஒழுக்குச் சரிசெய்தல், பழைய ஓட்டு வீடுகளில் உத்தரம் மாற்றுதல் என்று சின்ன வேலைகளைத் தனியாக விற்கிறோம். கொத்தனார்கள் கேரளத்துக்குப் போகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஐந்தாவது ஆள் வந்தால் அடுத்த தை. முதல் வருடம் இப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாரத் திட்டத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் கட்டுமான ஆய்வாளர்கள் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் 1990-களில் சைட்டுகளைக் கவனித்தபோது, இந்த வாரம் முடிப்போம் என்று சொன்ன வேலைகளில் ஏறக்குறைய பாதிதான், 54 சதவீதம், முடிந்ததாகக் கண்டார்கள். அவர்கள் உருவாக்கிய திட்ட முறையின் சாரம் லேசானது: செய்யக்கூடிய வேலைக்கு மட்டும் வாக்குக் கொடு, வாக்கை எண்ணு. கூலி கொடுக்கும் முன் மேஸ்திரியோடு கால் மணி நேரம் உட்காருங்கள். அடுத்த வாரத்து ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகள். சாமான் சைட்டில் இருக்கிறதா? ஆள் உறுதியா? இதற்கு முந்தின வேலை முடிந்துவிட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் பலகையில் ஏற வேண்டும். அடுத்த சனிக்கிழமை எத்தனையில் எத்தனை முடிந்தது என்று அதே பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள். முடியாததற்குக் காரணம் ஒரே சொல்லில். என் பலகையில் மூன்று மாதம் திரும்பத் திரும்ப வந்த சொல் "பிளம்பர்". ஆளை மாற்றவில்லை, அவரையும் சனிக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

படி 6: எதை நீங்களே செய்வது, எதை விடுவது

எல்லாவற்றையும் நாமே செய்தால் லாபம் நம்மிடமே தங்கும் என்று ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். பிளாக் யார்டு, டிப்பர், மர அறுவை மில் என்று இழுக்கும். அமெரிக்காவில் 2015-ல் தொடங்கிய கட்டெரா நிறுவனம் இதையே பெரிய அளவில் செய்தது. வடிவமைப்பு, தொழிற்சாலை, பொருள், கட்டுமானம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். 2018-ல் கேஇஎஃப் இன்ஃப்ரா என்ற கட்டுமான நிறுவனத்தோடு இணைந்ததில் நம் கிருஷ்ணகிரித் தொழிற்சாலையும் அதன் கைக்கு வந்தது. 200 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டிய அந்த நிறுவனம் 2021 ஜூனில் திவால் மனு கொடுத்தது. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றப் போனால் எந்த இடத்தில் ஓட்டை என்றே தெரியாது.

எதிர்ப்பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்தவர். சைட்டிலேயே கொத்தனார்களோடு நின்று வேலை வாங்கினார். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும், சுவரும் வெயிலைக் குறைவாகக் கடத்தும். அவருடைய எல்லாமே நம் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பூசாத செங்கல் சுவரைப் பார்த்து, "வீடு முடிஞ்சுதா, பாதிதானா?" என்று கேட்கும் ஊர் நம்முடையது. ஆனால் கொல்லைப்பக்கச் சுவரிலும் காம்பவுண்டிலும் இதைத் தாராளமாகச் செய்யலாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் இத்தகைய குறைந்த செலவுக் கட்டுமானத்தில் பல காலமாக வேலை செய்கிறது. கொத்தனார்களோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

என் முடிவு இது. சுவர், வார்ப்பு, மேற்பார்வை ஆகிய மூன்றும் நம் கையில் இருக்க வேண்டும். பிளாக், ஜன்னல், படிக்கட்டுக் கைப்பிடி வெளியே. சென்ட்ரிங் தகட்டைத் தனியே வாங்காமல் நாலு நிறுவனம் சேர்ந்து வாங்கலாம். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வார்ப்பு வராதபடி தேதி பேசிக்கொள்ள வேண்டும். அது நடக்குமா என்றால், நண்பர்களாக இருந்தால் நடக்கும்.

அப்புறம், ஒரே அளவாக்குதல். முகப்பை யாரும் ஒரே மாதிரி வைக்க ஒப்ப மாட்டார்கள், அதில் கை வைக்காதீர்கள். பாத்ரூமில் வையுங்கள். மூன்றே அளவு பாத்ரூம், குழாய் போகும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் ஒரே மாதிரி. ஜன்னல் நாலே அளவு. படி உயரமும் அகலமும் எல்லா வீட்டிலும் ஒன்றே. என் நோட்டில் திரும்பச் செய்த வேலைகளில் பெரும்பகுதி பாத்ரூமில்தான் இருந்தது. அளவு நிலைத்த பிறகு அந்தப் பத்தி கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது.

படி 7: அனுமதி வேலையையும் சேவையாக்குங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கும். அஞ்சு சென்ட் மனை 2,178 சதுர அடி, உள்ளே வரும். ஆறு சென்ட் 2,613, வராது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்கும் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கும் உட்பட்ட இடங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. மனையைப் பார்த்த நாளிலேயே இதைச் சரிபார்த்து, வரைபடம் முதல் மின் இணைப்பு வரை ஒரே கட்டணத்தில் செய்து கொடுங்கள். வீட்டுக்காரர் ஆபீஸ் ஆபீஸாக அலைவதில் நம் வேலையும்தான் நிற்கிறது.

படி 8: ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள்

கையில் இருக்கும் ஒப்பந்தங்களை நடுவில் மாற்றாதீர்கள், சண்டை வரும். வரும் தையில் தொடங்கப் போகும் வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவசரப்படாத, கணக்கைப் படித்துப் பார்க்கிற வாடிக்கையாளராக இருப்பது நல்லது. சொந்தக்காரர் வேண்டவே வேண்டாம், மாமா மகனிடம் கூடுதல் வேலைக்குக் கையெழுத்து வாங்க முடியாது. அந்த ஒரு வீட்டுக்குத் திறந்த கணக்கு, தனி வங்கிக் கணக்கு, வெள்ளிக்கிழமை வீடியோ, சனிக்கிழமைப் பலகை. ஒப்பந்தம் தமிழில், அவருடைய அப்பா படித்துப் புரியும்படி. மேஸ்திரியிடமும் கணக்கைச் சொல்லுங்கள். மிச்சத்தில் உங்களுக்கு வரும் பங்கில் ஒரு பகுதி அவருக்கு என்றால் உடைந்த செங்கல்லும் வீணாகாது.

வீடு முடிந்ததும் படி 1-ல் எழுதியதைப் போலவே ஒரு பக்கம் எழுதி, பழைய ஐந்து பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்து அந்த நாலு எண்களையும் ஒப்பிடுங்கள். என் முதல் வேலையில் லாபம் பழையதைவிட ரொம்பக் கூடவில்லை. ஆனால் கைப்பணம் மாட்டியது பாதிக்கும் கீழே இறங்கியது, நாட்களும் குறைந்தன. லாபம் தெரிந்தது மூன்றாவது வீட்டில். நாலு எண்களில் குறைந்தது இரண்டாவது தேறவில்லை என்றால் எந்தப் படியில் இடித்தது என்று பாருங்கள். பெரும்பாலும் படி 4-ஆக இருக்கும், முன்பணம் கேட்க வாய் வந்திருக்காது.

கணக்கு பார்க்க டிசம்பர் கடைசி வாரம் தோதானது. மார்கழியில் கல் போட இந்து வீடுகளில் கேட்க மாட்டார்கள். கிறிஸ்தவ வீடுகளில் மார்கழி பார்ப்பதில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆள் கிடைக்காது. சைட் ஓய்ந்து கிடக்கும், போனும் அவ்வளவாக அடிக்காது.